‘லாக்’: ஒரே கார், ஒரே முகம், 85 நிமிடம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டீவன் நைட் எழுதி இயக்கி, டாம் ஹார்டி நடித்த ‘லாக்’ ஒரு சின்ன பிரிட்டிஷ் படம். உளவியல் நாடகம் என்ற வகையில் சேர்க்கலாம். யாருக்காவது இதைப் பார்க்கச் சொன்னால் கேள்விகள் வரும். பார்த்து முடித்த பிறகு இன்னும் அதிகமாக வரும். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. முடிவு தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் முடிவைப் பற்றிய கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.

கதை என்ன?

ஐவன் லாக் ஒரு கட்டுமான மேலாளர். பர்மிங்ஹாமில் 55 மாடிக் கட்டடம் ஒன்றுக்கு மறுநாள் விடியற்காலை அஸ்திவாரக் கான்கிரீட் போட வேண்டும். அணு உலைகளையும் ராணுவக் கட்டுமானங்களையும் விட்டுவிட்டால் ஐரோப்பாவில் நடந்ததிலேயே மிகப் பெரிய கான்கிரீட் வேலை இதுதான் என்று படத்தில் சொல்கிறார்கள். முந்தின இரவு லாக் சைட்டை விட்டு வந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு, தன் பிஎம்டபிள்யூ காரில் ஏறுகிறார். சிக்னலில் வீட்டுப் பக்கம் இண்டிகேட்டர் போட்டுவிட்டு நிற்கிறார். பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் நிற்கும் லாரி ஹாரன் அடிக்கிறது. இண்டிகேட்டரை எதிர்ப்பக்கம் மாற்றிப் போட்டு, லண்டன் போகும் சாலையில் திரும்பிவிடுகிறார்.

லண்டனில் பெத்தன் என்ற பெண்ணுக்குக் குறைமாதத்தில் பிரசவ வலி வந்திருக்கிறது. குழந்தை லாக்கினுடையது. முன்பு ஒரு வேலைக்காக வெளியூரில் தங்கியிருந்தபோது, ஒரே ஓர் இரவு நடந்த விஷயம். லாக்குக்கு அவர் மேல் காதல் கிடையாது, அவரைச் சரியாகத் தெரியவும் தெரியாது. வீட்டில் மனைவி கத்ரீனாவும் இரண்டு பையன்களும் கால்பந்து ஆட்டம் பார்க்கக் காத்திருக்கிறார்கள். மனைவிக்கு இதுவரை எதுவும் தெரியாது.

அப்புறம் முழுப் படமும் போன்தான். மனைவியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், பெத்தனுக்குத் தைரியம் சொல்ல வேண்டும், மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். காலையில் வரவேண்டிய லாரி வரிசைக்கு, சைட்டில் இருக்கும் டோனல் என்ற உதவியாளரைக் காரில் இருந்தபடியே தயார் செய்ய வேண்டும்.

உண்மையிலேயே படம் முழுக்க ஒருவர்தானா?

திரையில் தெரியும் ஒரே நடிகர் டாம் ஹார்டிதான். மற்ற எல்லாரும் குரல்கள். ஆனால் அந்தக் குரல்களுக்குச் சொந்தக்காரர்களைப் பாருங்கள்: பெத்தனாக ஒலிவியா கோல்மன், கத்ரீனாவாக ரூத் வில்சன், டோனலாக ஆண்ட்ரூ ஸ்காட், மேலதிகாரி காரத்தாக பென் டேனியல்ஸ், மகன்களாக டாம் ஹாலண்டும் பில் மில்னரும். இன்றைக்கு இவர்களில் பாதிப் பேரை ஒரே படத்தில் சேர்ப்பதே பெரிய செலவு. அப்போது டாம் ஹாலண்ட் ஸ்பைடர்மேன் ஆகவில்லை. கோல்மன் ஆஸ்கர் வாங்கியிருக்கவில்லை.

எவ்வளவு செலவில் எடுத்தார்கள்?

20 லட்சம் டாலருக்கும் குறைவாக. ஹார்டி அதற்குச் சற்று முன்பு, 2012-இல், பேட்மேன் வரிசைப் படம் ஒன்றில் முகத்தை மூடிய வில்லனாக நடித்திருந்தார். அந்தப் படத்தின் செலவில் நூறில் ஒரு பங்குகூட இதற்கு ஆகவில்லை.

எட்டே இரவுகளில் எடுத்தார்கள் என்கிறார்களே, அது எப்படி முடிந்தது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். படம் நம்மேல் ஏன் இப்படி வேலை செய்கிறது என்பதற்கான காரணம் இதில்தான் இருக்கிறது.

வழக்கமாக ஒரு படத்தைத் துண்டு துண்டாக எடுப்பார்கள். முதல் காட்சியைக் கடைசி வாரத்திலும், கடைசிக் காட்சியை முதல் வாரத்திலும் எடுப்பது சாதாரணம். நைட் அப்படிச் செய்யவில்லை. கதையை முதலிலிருந்து கடைசி வரை ஒரு மேடை நாடகம் போல ஓட்டினார். ஒவ்வோர் இரவும் முழுக் கதையும் நடக்கும், சில இரவுகளில் இரண்டு முறைகூட. காரை இழுவை வண்டியின் தாழ்வான மேடையில் ஏற்றி, நிஜ நெடுஞ்சாலையில், நிஜப் போக்குவரத்துக்கு நடுவே கொண்டுபோனார்கள். ஹார்டி ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாரே தவிர ஓட்டவில்லை. காரைச் சுற்றிப் பொருத்திய டிஜிட்டல் கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். மெமரி கார்டு நிரம்பினால் மாற்ற வேண்டும், மற்றபடி நிறுத்தமே கிடையாது.

இன்னொரு பக்கம், குரல் கொடுக்கும் நடிகர்கள் எல்லாரும் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் முறை வரும்போது அங்கிருந்து நிஜமாகவே காருக்குப் போன் செய்தார்கள். பிறகு ஸ்டுடியோவில் குரல் சேர்த்த படம் இல்லை இது. கத்ரீனா போனில் மௌனமாகும்போது ஹார்டியின் முகத்தில் ஓடும் தவிப்பு, அந்த நிமிடத்தில் ரூத் வில்சன் நிஜமாகவே பேசாமல் இருந்ததால் வந்தது. ஒருவர் பேச்சை இன்னொருவர் பாதியில் வெட்டுவது, இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி நிறுத்துவது, இதெல்லாம் நாம் தினமும் போனில் செய்வதுதான். படங்களில் வரும் போன் பேச்சுகளில் இது அநேகமாக வராது. எதிர்முனையில் ஆள் இல்லாமலேயே நடித்துவிட்டு, பிறகு ஒட்டுவார்கள்.

வசனத்தை ஹார்டி முழுக்க மனப்பாடம் செய்யவில்லை. காருக்குள் அவர் பார்வைக்குத் திரையில் ஓடவிட்டார்கள். சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே, கண்ணை அங்கும் இங்கும் நகர்த்தியபடி பேசுவது ஓட்டுநரின் இயல்புதானே.

படம் முழுக்கச் சளியோடு இருக்கிறாரே, அதுவும் நடிப்பா?

இல்லை. படப்பிடிப்பின்போது ஹார்டிக்கு நிஜமாகவே சளி பிடித்திருந்தது. மறைக்காமல் அதைக் கதைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அவர் மூக்கைச் சிந்துவதும் மருந்து குடிப்பதும் அதனால்தான். அதனால் ஒரு நன்மையும் கிடைத்தது. எல்லாவற்றையும் கட்டுக்குள் வைத்திருப்பதாக நம்பும் ஒருவரின் உடம்பு அவர் சொல்வதைக் கேட்கவில்லை என்று படம் எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நமக்குப் புரிந்துவிடுகிறது.

இது த்ரில்லரா? டிரெய்லர் அப்படித்தான் இருந்தது.

த்ரில்லர் இல்லை. யாரும் யாரையும் கடத்துவதில்லை, துப்பாக்கி இல்லை, விபத்தும் இல்லை. ஹார்டி பெயரையும் இரவு நேர நெடுஞ்சாலையையும் பார்த்துவிட்டு வந்தவர்களில் பலர் ஏமாந்ததற்கு இந்த எதிர்பார்ப்புதான் காரணம்.

ஆனால் பதற்றம் நிச்சயம் உண்டு. ஒரு போன் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு அழைப்பு காத்திருப்பதாகக் காரின் திரை காட்டும். மனைவி அழுதுகொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. ஆஸ்பத்திரியோடு பேசும்போது டோனல். யாரை எடுப்பது, யாரைக் காக்க வைப்பது? ஒவ்வொரு தடவையும் அவர் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்வில் ஒருவர் காயப்படுகிறார். நெருக்கடியான ஒரு நாளில் கையில் போனை வைத்துக்கொண்டு தவித்த எல்லாருக்கும் இந்தப் பதற்றம் தெரியும்.

வேலையை விட்டுத் துரத்தப்போகும் மேலதிகாரியின் அழைப்பு வரும்போதெல்லாம் திரையில் என்ன பெயர் வருகிறது என்று கவனியுங்கள். லாக் தன் போனில் அவரை ஒரு வசைச் சொல்லின் பேரில் சேமித்து வைத்திருக்கிறார். இவ்வளவு ஒழுங்கான மனிதருக்குள் எவ்வளவு காலமாக எரிச்சல் சேர்ந்திருக்கிறது என்பதற்கு இந்த ஒன்று போதும்.

கான்கிரீட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஒரு நாள் தள்ளிப் போட்டால் என்ன?

தள்ளிப் போட முடியாது. 200-க்கும் மேற்பட்ட மிக்சர் லாரிகள் வரிசையாக வரப்போகின்றன. அதற்காகச் சாலைகளை அடைக்க அனுமதி வாங்கியாக வேண்டும். பிளான்ட்டில் கலந்து கிளம்பிய கான்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காது, சில மணி நேரத்தில் இறுகத் தொடங்கிவிடும். இவ்வளவு பெரிய அஸ்திவாரத்தில் பாதியில் நிறுத்திவிட்டு, முதலில் போட்டது இறுகிய பிறகு அதன் மேல் புதிதாகப் போட்டால் இரண்டும் ஒன்றோடு ஒன்று சரியாகப் பிடிக்காது. சைட்டில் கோல்டு ஜாயிண்ட் என்பார்கள். 55 மாடியின் எடையும் உட்காரப்போகும் இடத்தில் அப்படி ஒரு பலவீனம் இருக்கக் கூடாது. ஆகவே தொடங்கினால் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். கம்பி கட்டியது சரியா, அடைத்த பலகை தாங்குமா, பம்ப் ஓடுமா, வரும் கலவை கேட்ட கலவைதானா என்று எல்லாவற்றையும் முந்தின இரவே பார்த்துவிட வேண்டும்.

இத்தனையையும் செய்ய வேண்டிய டோனல் பயந்துபோய்க் குடித்துக்கொண்டிருக்கிறார். தேவையான எண்களும் விவரங்களும் உள்ள ஃபைலோ லாக்கின் காரிலேயே மாட்டிக்கொண்டது.

கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு இந்தப் படம் தனி அனுபவமாக இருக்கும் என்பது என் எண்ணம். வேலையைக் கதையின் அலங்காரமாக வைக்காமல் வேலையாகவே காட்டும் படங்கள் குறைவு. லாக் கான்கிரீட்டைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் வரும் மரியாதை, மனைவியிடம் பேசும்போதுகூட வரவில்லை. வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகும் டோனலுக்குப் போன் போட்டு அடுத்தடுத்த வேலையைச் சொல்கிறார். சம்பளம் போய்விட்டது. அந்தக் கட்டடம் உறுதியாக நிற்க வேண்டும் என்ற கவலை மட்டும் போகவில்லை.

மனைவியை ஏமாற்றியவரை எதற்காக நல்லவராகக் காட்டுகிறார்கள்?

பார்த்தவர்கள் நடுவே அதிகமாகச் சண்டை வருவது இந்தக் கேள்வியில்தான். படம் அவரை நல்லவர் என்று சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. நல்லது செய்தே தீருவேன் என்று பிடிவாதமாக இருக்கும் ஒருவரைக் காட்டுகிறது. இரண்டும் வேறு.

மனைவியிடம் எப்படிச் சொல்கிறார் பாருங்கள். குரலை உயர்த்தாமல், சைட்டில் ஒரு பிரச்சினை என்று அறிவிப்பதைப் போல, இது நடந்தது, நான் இதைச் செய்யப் போகிறேன், அடுத்து நாம் என்ன செய்யலாம் என்று வரிசைப்படுத்துகிறார். அவரைப் பொறுத்தவரை இது நேர்மை. போனின் அந்தப் பக்கம் இருப்பவருக்கு இது கொடுமை. பதினைந்து நிமிடத்துக்கு முன்பு வரை பையன்களோடு ஆட்டம் பார்க்க உட்கார்ந்திருந்த பெண்ணிடம், அழக்கூட நேரம் கொடுக்காமல் அடுத்த கட்ட நடவடிக்கையைப் பேசினால் அவர் என்ன செய்வார்? ஒரே ஒரு முறைதான் தவறு செய்தேன் என்று லாக் சொல்கிறார். ஒரு முறைகூட இல்லை என்பதற்கும் ஒரே முறை என்பதற்கும் நடுவில்தான் எல்லாமே இருக்கிறது என்ற பொருளில் கத்ரீனா பதில் சொல்கிறார். அந்த வாதத்தில் கத்ரீனா பக்கம்தான் நியாயம். படத்துக்கும் அது தெரியும்.

பெத்தனிடமும் இதே கதைதான். வலியில் துடிக்கும் பெண் என்னைக் காதலிக்கிறாயா என்று கேட்கும்போது, பொய்யாக ஒரு வார்த்தை சொல்ல லாக்குக்கு மனம் வரவில்லை. உன்னை எனக்குத் தெரியாதே, எப்படிச் சொல்ல முடியும் என்கிறார். உண்மைதான். ஆனால் அந்த நேரத்துக்கு அவ்வளவு உண்மை தேவையா என்ற கேள்வி எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.

பின் சீட்டில் யாரிடம் பேசுகிறார்?

இறந்துபோன தன் அப்பாவிடம். அழைப்புகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் கண்ணாடியைப் பார்த்தபடி, அந்த மனிதர் பின்னால் உட்கார்ந்திருப்பதைப் போலத் திட்டுகிறார். தான் பிறந்தபோது அப்பா கூட இல்லை, வளரும்போதும் இல்லை. அந்த மனிதரைப் போல நான் ஆகமாட்டேன் என்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

படத்தின் உளவியல் முழுவதும் எனக்கு இங்கேதான் இருக்கிறது. பிறக்கப்போகும் குழந்தைக்கு நியாயம் செய்ய வேண்டும் என்பது உண்மையான உணர்வு. அதோடு சேர்ந்து, செத்துப்போன ஒருவரோடு போட்ட சண்டையில் ஜெயிக்க வேண்டும் என்ற வெறியும் ஓடுகிறது. அந்தச் சண்டைக்கான விலையைக் கொடுப்பது வீட்டில் இருக்கும் மூன்று பேர். அவர்களுக்கு அந்தத் தாத்தாவோடு எந்தப் பகையும் கிடையாது. அடுத்தவர்களோடு பேசும்போது குரல் ஏறாத லாக், தனியாக இருக்கும்போது மட்டும் வெடிக்கிறார். அப்போதுதான் அவருடைய நிதானத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிகிறது.

இந்தக் காட்சிகள் நாடகத்தனமாக இருக்கின்றன என்று விமர்சகர்கள் சிலர் குறைப்பட்டார்கள். அதில் உண்மை இருக்கிறது. போன் பேச்சுகள் அவ்வளவு இயல்பாக இருக்கும்போது, பின் சீட்டுப் பேச்சு மட்டும் எழுதி வைத்தது போலக் கேட்கிறது. இரண்டு இடங்களில் குறைத்திருந்தால் இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும்.

விமர்சகர்கள் எப்படி வரவேற்றார்கள்?

மிக நன்றாக. 2013 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில், போட்டிப் பிரிவுக்கு வெளியே, முதன்முதலாகத் திரையிட்டார்கள். ஒரு மனிதர் கார் ஓட்டுகிறார் என்ற ஒரு வரிக் கதையைக் கேட்டு உள்ளே போனவர்கள் வெளியே வந்து ஹார்டியைப் பற்றிப் பேசினார்கள். 2014 ஏப்ரலில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் திரைக்கு வந்தது. விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் பத்தில் ஒன்பது விமர்சனங்கள் சாதகமானவை.

பாராட்டில் பெரும்பகுதி ஹார்டிக்குத்தான் போனது, அது நியாயமும்கூட. உடம்பை வைத்து மிரட்டும் நடிகர் என்று பெயர் வாங்கியவர், இங்கே இடுப்புக்குக் கீழே அசையாமல், தாடியும் ஸ்வெட்டருமாக, மென்மையான வெல்ஷ் உச்சரிப்பில் பேசிக்கொண்டே இருக்கிறார். அந்த உச்சரிப்பு சிலருக்கு ஒட்டவில்லை. எனக்கு அது படத்தின் உயிர் என்றே தோன்றுகிறது. யார் கத்தினாலும் ஏறாத, தாலாட்டுவது போன்ற அந்தக் குரலை நம்பித்தான் டோனல் இருட்டில் சைட்டுக்கு ஓடுகிறார்.

அடுத்து ஒளிப்பதிவாளர் ஹாரிஸ் ஸாம்பர்லூகோஸும் படத்தொகுப்பாளர் ஜஸ்டின் ரைட்டும். எதிர்வரும் வண்டிகளின் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து ஹார்டியின் முகத்தோடு கலக்கிறது. சாலையோர விளக்குகள் பொட்டுப் பொட்டாகக் கலங்கித் தெரிகின்றன. இவ்வளவு சின்ன இடத்துக்குள் கண்ணுக்குச் சலிப்பு வராமல் பார்த்துக்கொண்டது பெரிய வேலை.

விருதுகள்?

2013-இல் பிரிட்டிஷ் சுயாதீனத் திரைப்பட விருதுகளில் சிறந்த திரைக்கதை விருது ஸ்டீவன் நைட்டுக்கு. 2014-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் திரைப்பட விமர்சகர் சங்கத்தின் சிறந்த நடிகர் விருது டாம் ஹார்டிக்கு. அதே ஆண்டு ஐரோப்பிய திரைப்பட விருதுகளில் சிறந்த படத்தொகுப்புக்கான விருது ஜஸ்டின் ரைட்டுக்கு.

ஆஸ்கரில் ஒரு பரிந்துரைகூட இல்லை. பாஃப்டாவிலும் இல்லை. ஆஸ்கர் பேச்சு சூடுபிடிப்பது ஆண்டுக் கடைசியில். இது ஏப்ரலில் வந்துபோன படம். அமெரிக்காவில் வெளியிட்ட ஏ24 இன்றைக்குப் பெரிய பெயர். அன்றைக்குத் தொடங்கி இரண்டே ஆண்டு ஆன சின்ன நிறுவனம். லட்சக்கணக்கில் கொட்டிப் பிரச்சாரம் செய்ய வாய்ப்பில்லை. காரணம் புரிகிறது, ஆனாலும் அந்த ஆண்டு நடிகர் பட்டியலில் ஹார்டி பெயர் இல்லாதது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வசூல்?

உலகம் முழுக்கச் சேர்த்து சுமார் 50 லட்சம் டாலர். பெரிய வெற்றி இல்லை. போட்ட பணத்தோடு ஒப்பிட்டால் மோசமும் இல்லை. தியேட்டரில் தவறவிட்டவர்கள் பிறகு வீட்டில் பார்த்து, ஒருவர் சொல்லி ஒருவராக இதைக் கண்டுபிடித்தார்கள்.

விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ஆனால் பொறுமையைச் சோதிக்கிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கார், ஒரு முகம், இடைவிடாத பேச்சு. கதையில் ஆர்வம் பிடிக்கவில்லை என்றால் கண்ணுக்கு வேறு எதுவுமே கிடைக்காது. வானொலி நாடகமாகவே போட்டிருக்கலாமே என்பது அடிக்கடி வரும் குற்றச்சாட்டு.

அதற்கு என் பதில், போன் துண்டித்த பிறகு வரும் ஐந்து விநாடிகளைப் பாருங்கள் என்பதுதான். பேசும்போது லாக் மற்றவர்களுக்காக ஒரு குரலை அணிந்திருக்கிறார். இணைப்பு போனதும் அந்தக் குரல் கழன்று விழுகிறது. முகம் என்ன செய்வதென்று தெரியாமல் சாலையைப் பார்க்கிறது. பிறகு அடுத்த அழைப்பு வருகிறது, முகம் மறுபடி திடமாகிறது. வானொலியில் அந்த ஐந்து விநாடி வெறும் இன்ஜின் சத்தமாகத்தான் இருக்கும்.

இன்னொரு விமர்சனத்தை நான் அப்படியே ஏற்கிறேன். இரண்டு பெண்களும் லாக் செய்ததற்கு எதிர்வினை காட்டுபவர்களாக மட்டுமே வருகிறார்கள். ஒருவர் அழுகிறார், ஒருவர் கெஞ்சுகிறார். டோனலுக்குக் கிடைத்த நகைச்சுவையும் வளர்ச்சியும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கோல்மனும் வில்சனும் இருப்பதால்தான் அந்தப் பாத்திரங்கள் தப்பிக்கின்றன. கத்ரீனா போனை வைத்துவிட்டு அந்த வீட்டுக்குள் என்ன செய்தார் என்று நாம் தெரிந்துகொள்ளவே முடியாது. காரை விட்டு வெளியே போகக் கூடாது என்ற விதி படத்துக்குக் கொடுத்தது நிறைய. எடுத்துக்கொண்டது இது.

இயக்குநர் ஸ்டீவன் நைட் யார்?

அடிப்படையில் எழுத்தாளர். லண்டனின் புலம்பெயர்ந்தோர் வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய திரைக்கதை ஒன்று முன்பு ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. நம்மூர்க்காரர்களுக்குத் தெரிந்த வகையில் சொல்வதானால், பிறகு இந்தியாவில் ‘கோன் பனேகா கரோர்பதி’ என்று வந்த பிரிட்டிஷ் வினாடி வினா நிகழ்ச்சியை உருவாக்கியவர்களில் ஒருவர். பர்மிங்ஹாமில் வளர்ந்தவர். அந்த ஊரின் பழைய ரவுடிக் கும்பலை வைத்து அவர் உருவாக்கிய ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ தொடர், ‘லாக்’ வெனிஸுக்குப் போன அதே 2013 செப்டம்பரில் பிபிசியில் தொடங்கியது. ஹார்டி பின்பு அதிலும் நடித்தார். ‘லாக்’ இயக்குநராக அவருக்கு இரண்டாவது படம்.

ஓட்டும்போது இவ்வளவு போன் பேசுவது அங்கே சட்டப்படி சரியா?

கையில் போனைப் பிடித்துப் பேசுவது பிரிட்டனில் 2003 டிசம்பரிலிருந்து குற்றம். லாக் செய்வது போலக் காரோடு இணைத்து, கையில் பிடிக்காமல் பேசலாம். ஆனால் கவனம் சிதறி ஓட்டினால் அதற்கும் நடவடிக்கை எடுக்க முடியும். அவர் இருந்த மனநிலையில் ஓட்டுவது பாதுகாப்பானதா என்றால் நிச்சயம் இல்லை.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

ஆபாசக் காட்சியோ ரத்தமோ கிடையாது. கெட்ட வார்த்தைகள் ஏராளம். பிரிட்டனில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சான்றிதழ். எப்படியும் சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. பெரியவர்கள் சப்டைட்டில் போட்டே பாருங்கள். வெல்ஷ், ஐரிஷ் உச்சரிப்புகள் போன் சத்தத்தில் கொஞ்சம் நழுவும்.

முடிவுக்கு என்ன அர்த்தம்? (கதையின் முடிவு இங்கே இருக்கிறது)

கான்கிரீட்டுக்கான ஏற்பாடுகள் எல்லாம் முடிந்துவிடுகின்றன, டோனல் ஜெயித்துவிடுகிறார். லாக்குக்கு வேலை போய்விட்டது. வீட்டுக்கு வராதே என்று கத்ரீனா சொல்லிவிட்டார். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியதால் அறுவை சிகிச்சை செய்து குழந்தையைக் காப்பாற்றிவிட்டார்கள். அதன் அழுகையைப் பெத்தன் போனில் கேட்கவைக்கிறார். லாக் நெடுஞ்சாலையிலிருந்து விலகி ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்புகிறார். அவ்வளவுதான்.

அதற்குச் சற்று முன்பு மகன் எடி விட்ட குரல் செய்தி வருகிறது. ஆட்டத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், நீங்கள் வந்ததும் முடிவு தெரியாதது போல எல்லாருமாகப் பார்க்கலாம் என்கிறான். வீட்டில் ஏதோ உடைந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். கேட்கத் தைரியம் இல்லாமல் கால்பந்தைப் பற்றிப் பேசுகிறான். டாம் ஹாலண்டின் குரல் அந்த இடத்தில் லேசாக நடுங்கும். படத்தில் என்னை உலுக்கிய இடம் அதுதான், குழந்தையின் அழுகைகூட இல்லை. அப்பா இல்லாத வீட்டில் வளர்ந்த ஒருவர், ஒரு குழந்தைக்கு அப்பாவாக இருக்கப் போய், இரண்டு பையன்கள் இருக்கும் வீட்டை அப்பா இல்லாத வீடாக ஆக்கிவிட்டார். அவர் செய்தது சரி என்றும் தவறு என்றும் இரண்டு பக்கமும் பேசலாம். நானே அந்தந்த நேரத்துக்கு ஏற்ப இரண்டு பக்கமும் பேசியிருக்கிறேன்.

இரண்டாவது முறை பார்க்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. முதல் முறை கண் ஹார்டியை விட்டு நகராது. இரண்டாவது முறை போனின் மறுமுனையில் கேட்கும் பின்னணிச் சத்தங்களைக் கவனியுங்கள். கத்ரீனா பேசும்போது முதலில் கேட்கும் ஆட்டத்தின் ஆரவாரம் எப்போது நிற்கிறது, பெத்தன் இருக்கும் இடத்தில் நர்சுகளின் பேச்சு எப்போது வேகமாகிறது, டோனல் ஓடும்போது மூச்சு எப்படி வாங்குகிறது என்று கேளுங்கள். ஹெட்போன் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.